புயல்மழை ஓய்ந்த பிறகு மனசை அடக்க

எங்கள் பெங்களூரில் கோடைமழை சாதுவாக வருவதில்லை. 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தில் அப்படியொரு நாளை இந்த ஊர் 133 வருடமாகப் பார்த்ததில்லை. டிரினிட்டி பக்கம் மெட்ரோ தண்டவாளத்தின் மேலேயே மரம் சாய்ந்தது. அல்சூரில் வருஷாவருஷம் காற்றுக்கு மரங்களைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பத்திரம். விழுந்த கிளையில் மின்கம்பி சிக்கியிருக்கலாம், கிட்டே போகாதீர்கள். கரண்ட் கொடுக்கும் நிறுவனமான பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கரண்ட் வருவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். அந்த இருட்டு வீணாகக் கூடாது. போனைத் தள்ளி வைத்து, ஒரு நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி எதுவும் ஓடாதபோதுதான் சன்ஷேடிலிருந்து நீர் சொட்டுவது காதில் விழும். மூச்சை விடும்போது மட்டும் இஷ்ட தெய்வத்தின் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். மனசு நனைந்துபோன வண்டிக்கும் புளித்துப்போகும் மாவுக்கும் ஓடும். ஓடட்டும். அடுத்த மூச்சில் பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

‘மற்றவர்களுக்கு ஆனதைப் பார்த்தால் நமக்குப் பரவாயில்லை’ என்று நினைப்பதை நான் நன்றியாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவர் கஷ்டத்தில் அப்படி என்ன நிம்மதி? உங்களைத் தாங்கியதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: பிடித்து நின்ற ஜன்னல் கொக்கி, காலையிலேயே நிரப்பி வைத்த குடம், டார்ச்சோடு வந்து கதவைத் தட்டிய எதிர்வீட்டு அக்கா. நடுராத்திரி மழைக்கோட்டோடு கம்பத்தில் ஏறும் லைன்மேன் வேலை முடிந்து இறங்கியதும் சூடாகக் காபி கொடுங்கள். விடிந்ததும் இலைக்குவியலை வாரும் துப்புரவு அம்மாவிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். கடவுளுக்குச் சொல்லும் நன்றி இவர்கள் வழியாகத்தான் போய்ச் சேரும் என்பது என் நம்பிக்கை.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் கூட்டிலேயே வையுங்கள். கூடு கலைந்திருந்தால் ஒரு சின்னக் கூடையை அதே மரத்தில் கட்டி அதில் விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. தள்ளி நின்று பாருங்கள், அது வந்து ஊட்டும். அந்தக் காத்திருப்பே தியானம்தான்.

மரத்துக்காக அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அறுப்பதற்கு முன் அடிமரத்தைத் தொட்டு ஒரு கும்பிடு போடுங்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோஹருக்கு வேர் ஆழமாக இறங்காது. நாமோ அதன் கழுத்துவரை சிமெண்ட் பூசி, சாக்கடைக்காக வேரையும் வெட்டுகிறோம். அதனால் தெருவில் மிச்சமிருக்கும் மரங்களின் அடியில் சிமெண்டை உடைத்து மண் தெரிய விடச் சொல்லி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். விழுந்த இடத்தில் அனுமதி கேட்டுப் புங்கை நடலாம். ஜூன், ஜூலை மழையிலேயே நட்டுவிடுங்கள், அடுத்த கோடையில் குடத்துத் தண்ணீர் ஊற்ற ஆள் பேசி வைத்துக்கொண்டு.