மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்ததும் கூடையில் போடாதீர்கள்

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை எடுத்தால், விலையைப் பார்க்கும் முன் தேதிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

'யூஸ் பை' என்றால் அது உடம்பு சம்பந்தப்பட்டது. இறைச்சி, மீன், பாக்கெட் சாலட் மாதிரி சீக்கிரம் கெடுபவற்றில் இருக்கும்; அந்தத் தேதி தாண்டிவிட்டால் வாசனை நன்றாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள், கிருமி இருப்பது மூக்குக்குத் தெரியாது. கடைகள் அதை விற்கவும் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' வேறு கதை. ருசியோ மொறுமொறுப்போ கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அரிசி, பருப்பு, பாஸ்தா, பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான், தேதி கடந்தும் சட்டப்படி விற்கலாம் என்பதால் இதற்கென்றே மலிவு விலைக் கடைகள் இருக்கின்றன. டின் உப்பியிருந்தால் மட்டும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எனக்கு அதிகம் மிச்சமாவது கோழியில்தான். அன்றைக்கே 'யூஸ் பை' முடிகிற பாக்கெட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு ஆகிற அளவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், அந்தத் தேதி முடிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் எடுக்கும்போது பிரிட்ஜுக்குள்ளேயே உருக வைத்து, உருகிய 24 மணி நேரத்துக்குள் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.