கையடக்க ஹாம் ரேடியோ: கீபேடிலேயே ரிப்பீட்டர் சேனல் போடுவது எப்படி

புயல் அடித்து மின்சாரமும் செல்போன் டவரும் போய்விட்ட நாளில் லேப்டாப்பைத் திறந்து ரேடியோவில் சேனல் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுத்தவர்கள் பெரும்பாலும், கணினியிலிருந்து ரேடியோவில் சேனல் ஏற்றும் 'சிர்ப்' மென்பொருளில் யாரோ தயாரித்துக் கொடுத்த பட்டியலை ஏற்றிக்கொண்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஊருக்குப் போனால் கையில் இருக்கும் கருவி வெறும் எஃப்.எம். ரேடியோதான். நம் பேச்சை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி ஒலிபரப்பும் ஒரு ரிப்பீட்டரை, பொத்தான்களை மட்டும் அழுத்திச் சேமிக்கத் தெரிந்தால்தான் அந்த ரேடியோ முழுமையாக உங்களுடையது.

பலரிடமும் இருக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் கருவியை வைத்து இங்கே விளக்குகிறோம். மெனு எண்கள் அதன் அசல் மாடலுக்கு உரியவை. பின்னால் வந்த சில வகைகளில் எண்கள் மாறியிருக்கும். அங்கே எண்ணை விட்டுவிட்டு மெனுவின் பெயரைப் பார்த்துப் போங்கள்.

முதலில் சட்டம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்தக் கருவியை வைத்திருக்கவே கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) தேர்வு கிடையாது. அதில் தேறியவர்களுக்கு வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (அழைப்புப் பெயர்) கிடைக்கும். இந்திய ஹாம்களுக்கு வி.எச்.எஃப். என்ற அலைப்பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், அதற்கு மேலே உள்ள யு.எச்.எஃப்.-இல் 434 முதல் 438 வரையும் இடம் உண்டு. கருவியோ 136 முதல் 174 வரையிலும், 400-க்கு மேலேயும் தாராளமாக ஒலிபரப்பும், உங்களைத் தடுக்காது. 156.800 கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் ஆபத்தில் அழைக்கும் கடல்சார் 16-ஆம் சேனல். விரல் தவறி அங்கே போகாமல் பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் பொறுப்பு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் 433 மெகாஹெர்ட்ஸ் எண்களையும் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அவை நம் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

பேட்டரியை மாட்டும் முன்பே ஆன்டெனாவைத் திருகுங்கள். ஆன்டெனா இல்லாமல் பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து இறுதிக்கட்ட டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடலாம். சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை விடுங்கள். சார்ஜரில் செருகியபடியே ஒலிபரப்ப வேண்டாம்.

மெனு பொத்தான், எண், மறுபடி மெனு, அம்புக்குறியால் தேர்வு, மறுபடி மெனு: எந்த அமைப்பை மாற்றவும் இதே வரிசைதான். வெளியேற எக்ஸிட். முதல் நாளே சில அமைப்புகளை மாற்றிவிடுவது நல்லது. 7-ஆம் மெனுவான டி.டி.ஆர். மேல் வரி, கீழ் வரி இரண்டையும் மாறிமாறிக் கேட்கும் வசதி. இதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழ் வரியில் வந்த பேச்சுக்கு மேல் வரியில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 1-ஆம் மெனுவில் ஸ்டெப் (அலைவரிசை நகரும் படி) 5 கிலோஹெர்ட்ஸாக இருக்கட்டும். அது 6.25 ஆக இருந்தால் சில அலைவரிசைகளைத் தட்டும்போது கடைசி இலக்கங்கள் தானாக மாறிவிடும். 5-ஆம் மெனுவில் பட்டை அகலத்தை 'வைட்' ஆக்குங்கள். 'நேரோ'வில் இருந்தால் ரிப்பீட்டர் திறக்கும், ஆனால் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். 39-இல் ரோஜர் பீப்பை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் 'கீக்' என்று ஒலித்தால் கேட்பவர்களுக்கு எரிச்சல்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது 32-ஆம் மெனு. பக்கவாட்டில் பி.டி.டி.க்கு மேலே இருக்கும் 'கால்' (CALL) பொத்தானை லேசாக அழுத்தினால் எஃப்.எம். ரேடியோ பாடும், நீண்ட நேரம் அழுத்தினால் அபாயச் சங்கு ஊதும். அந்த மெனு 'டோன்' அல்லது 'கோட்' என்று இருந்தால் சங்கு உங்கள் ஸ்பீக்கரோடு நிற்காது, அலையிலும் போய் ரிப்பீட்டரையே அடைத்துவிடும். 'சைட்' என்று வைத்தால் உங்கள் கருவியில் மட்டும்தான் ஒலிக்கும். பையில் போட்டு எடுத்துச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் மாற்றுங்கள். கூடவே ஹாஷ் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திக் கீபேடைப் பூட்டிவிடுங்கள்.

இனி ரிப்பீட்டர். உயரமான இடத்தில் இருக்கும் ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் உங்களைக் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பி ஒலிபரப்புகிறது. நமக்குத் தேவை மூன்று விவரம்: அது பேசும் அலைவரிசை, அது கேட்கும் அலைவரிசை எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதைத் திறக்கும் டோன் எது. வி.எச்.எஃப்.-இல் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். டோன் என்பது உங்கள் குரலுக்கு அடியில் ஓயாமல் போகும் மெல்லிய ஒலி. அது இல்லாமல் வரும் எதையும் ரிப்பீட்டர் கண்டுகொள்ளாது.

உதாரணத்துக்கு, 145.600-இல் பேசி, 600 கிலோஹெர்ட்ஸ் கீழே 145.000-இல் கேட்கும், 88.5 ஹெர்ட்ஸ் டோன் தேவைப்படும் ரிப்பீட்டரை 10-ஆம் சேனலில் போடுவோம்.

வி.எஃப்.ஓ./எம்.ஆர். பொத்தானை அழுத்தி அலைவரிசை நிலைக்கு வாருங்கள். வலது ஓரத்தில் சேனல் எண் தெரிந்தால் இன்னும் சேனல் நிலையில்தான் இருக்கிறீர்கள்; அங்கிருந்து எதுவும் சேமிக்க முடியாது. ஏ/பி பொத்தானால் அம்புக்குறியை மேல் வரிக்குக் கொண்டுவாருங்கள். திரையில் யு.எச்.எஃப். எண் நின்றால் பேண்ட் பொத்தானை அழுத்தி வி.எச்.எஃப்.-க்கு மாறுங்கள். பிறகு 28-ஆம் மெனுவில் 10-ஆம் சேனலை அழியுங்கள். ஏற்கெனவே நிரம்பிய சேனல் எண்ணுக்கு முன்னால் 'சி.எச்.' என்ற எழுத்துகள் தெரியும், காலியானதற்குத் தெரியாது. நிரம்பிய சேனலின் மேல் சேமிக்கப் பார்த்தால் கருவி ஏற்காது.

இப்போது 145600 என்று தட்டுங்கள். 13-ஆம் மெனுவில் 88.5 டோனைத் தேர்ந்தெடுங்கள். 11-ஆம் மெனு கேட்பதற்கான டோன், அதைத் தொடாமல் அணைத்தே வையுங்கள். 26-இல் இடைவெளியைப் பதியுங்கள், திரையில் 00.600 என்று நிற்க வேண்டும். 6.000 என்று போட்டுவிட்டுக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. 25-இல் திசையை மைனஸ் ஆக்குங்கள். அடுத்து 27-ஆம் மெனுவில் 10-ஐத் தேர்ந்து மெனுவை அழுத்தினால் கேட்கும் பகுதி சேமிக்கப்படும்.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எக்ஸிட் கொடுத்து நட்சத்திரப் பொத்தானை லேசாக ஒருமுறை அழுத்துங்கள். ரிவர்ஸைக் (கேட்கும், பேசும் அலைவரிசைகள் இடம் மாறிய நிலை) குறிக்கும் 'ஆர்' எழுத்து திரையில் தோன்றி, எண் 145.000 ஆக மாறும். மறுபடி 27-ஆம் மெனுவுக்குப் போய் அதே 10-ஆம் சேனலில் இன்னொரு முறை சேமியுங்கள். இது ஒலிபரப்பும் பகுதி. குரல் அறிவிப்பை இயக்கி வைத்திருந்தால் முதல் முறை 'ரிசீவிங் மெமரி' என்றும், இரண்டாம் முறை 'டிரான்ஸ்மிட்டிங் மெமரி' என்றும் கருவியே சொல்லும். இரண்டும் காதில் விழுந்தால்தான் சேனல் முழுமை. கடைசியாக நட்சத்திரப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தி ரிவர்ஸை எடுத்துவிடுங்கள்.

சோதனை செய்யும் முன் ஒரு நிமிடமாவது கேளுங்கள். யாரும் பேசாவிட்டால் பி.டி.டி.யை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, கால்சைனைச் சொல்லி விடுங்கள். அந்த ஒரு நொடி முக்கியம். ரிப்பீட்டர் டோனை அடையாளம் கண்டு எழுந்திருக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்படும். அழுத்தியிருக்கும்போது கருவியின் விளக்கு சிவப்பாக இருக்கும், திரையில் 145.000 தெரியும். கையை எடுத்ததும் ஓரிரு நொடி பச்சை விளக்கு எரிந்து, ஒரு சிறு இரைச்சலோடு அடங்கினால் ரிப்பீட்டர் உங்களைக் கேட்டுவிட்டது என்று பொருள்.

பச்சை எரியவே இல்லையா? சக்தியைக் கூட்டவோ புதுக் கருவி வாங்கவோ ஓடாதீர்கள். அழுத்தும்போது திரையில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் திசையோ இரண்டாம் சேமிப்போ விட்டுப்போயிருக்கிறது. சரியாக மாறியும் ரிப்பீட்டர் திறக்கவில்லை என்றால் டோனைச் சந்தேகப்படுங்கள். ஒரு படி தள்ளி 85.4 அல்லது 91.5 என்று பதிந்திருப்பது சகஜம். பச்சை எரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் சத்தமில்லை என்றால் 11-ஆம் மெனுவில் ஏதோ டோன் நிற்கிறது. சிவப்பு விளக்கே வராமல் கருவி மறுத்தால் 23-ஆம் மெனுவைப் பாருங்கள்: அலை பிசியாக இருக்கும்போது ஒலிபரப்பைத் தடுக்கும் பூட்டு அது. இவையெல்லாம் சரியாக இருந்தும், உங்கள் குரல் துண்டுதுண்டாக வருகிறது என்று மற்றவர்கள் சொன்னால் கோளாறு அமைப்பில் இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில்.

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தெருவில் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர், 10 மீட்டர் மொட்டைமாடிக்கு 13. ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ரிப்பீட்டருக்கு 160 கிலோமீட்டர். இரு முனையின் தூரத்தையும் கூட்டினால் எட்டும் எல்லை தெரியும். தரையில் நிற்கும் இருவர் நேரடியாகப் பேசினால் கணக்குப்படி 10 கிலோமீட்டர் வந்தாலும், ஊருக்குள் கட்டடங்கள் விழுங்கியது போக இரண்டு மூன்றுதான் மிஞ்சும். மின்சக்தியை 1 வாட்டிலிருந்து 4 வாட்டுக்கு ஏற்றுவதைவிட மாடிப்படி ஏறுவது பலமடங்கு பயன் தரும்.

கருவியோடு வரும் குட்டை ஆன்டெனாதான் அதன் பலவீனமான பாகம். 2 மீட்டர் அலைக்கு, அதாவது நம் வி.எச்.எஃப். பட்டைக்கு, கால் அலைநீளமே சுமார் 49 சென்டிமீட்டர். அதை விரல் நீள ரப்பருக்குள் சுருட்டியதில் பெரும் இழப்பு. 40 சென்டிமீட்டர் அளவுள்ள நீள ஆன்டெனா வாங்கலாம். யுவி-5ஆர் உடலில் இருப்பது எஸ்.எம்.ஏ. என்ற திருகு இணைப்பின் ஆண் முனை, எனவே ஆன்டெனாவில் பெண் முனை வேண்டும். செலவே இல்லாத வழியும் உண்டு. 49 சென்டிமீட்டர் மெல்லிய வயரின் ஒரு முனையை உரித்து, எஸ்.எம்.ஏ. முனையின் வெளி உலோகத்தில் வளையமாகச் சுற்றி, ஆன்டெனாவை மேலே திருகி, மீதியைத் தொங்கவிடுங்கள். நடு ஊசியை வயர் தொடக்கூடாது. வி.எச்.எஃப்.-இல் வித்தியாசம் உடனே தெரியும்.

மாடியில் ஆன்டெனா வைத்து ஆர்.ஜி.-58 கேபிளில் இறக்குபவர்கள் நீளத்தைக் கவனியுங்கள். 10 மீட்டரில் வி.எச்.எஃப்.-இல் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், யு.எச்.எஃப்.-இல் பாதிக்கு மேலும் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். இன்னொன்று, இந்தக் கருவியின் ரிசீவர் ஒற்றைச் சில்லில் அடங்கியது. அருகில் பலமான ஒலிபரப்பு நிலையம் இருந்தால் வெளி ஆன்டெனா மாட்டியதும் அது திணறிக் காது அடைத்துப்போகும். அங்கே குட்டை ஆன்டெனாவே தேவலை.

பேசும்போது ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும், கருவி வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சாதாரணக் குரல் போதும். கத்தினால் ஒலி சிதையும். ஒருவர் முடித்ததும் பாயாமல் இரண்டு நொடி இடைவெளி விடுங்கள், அவசரச் செய்தி உள்ளவர் அதில்தான் நுழைய முடியும். 9-ஆம் மெனுவில் நேர வரம்பை 120 நொடிக்கு வைத்தால், பி.டி.டி. எங்காவது நசுங்கினாலும் ரிப்பீட்டர் முடங்காது.

இரண்டு பட்டையும் ஒரே கருவியில் இருப்பதன் உண்மையான சுவை சர்வதேச விண்வெளி நிலையத்தில்தான் தெரியும். அதிலுள்ள ரிப்பீட்டர் 145.990-இல் 67.0 டோனோடு கேட்டு 437.800-இல் திருப்பித் தருகிறது. நிலையம் வேகமாக நகர்வதால் டாப்ளர் விளைவில் யு.எச்.எஃப். பக்கம் 10 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து சேனல்களில் கேட்கும் பகுதியைச் சேமித்து, ஐந்துக்கும் ஒலிபரப்பாக 145.990-ஐயும் 67.0 டோனையும் கொடுங்கள். இங்கே ரிவர்ஸ் கிடையாது. இடைவெளித் திசையை அணைத்துவிட்டு, இரண்டாம் முறை சேமிக்கும் முன் 145.990-ஐ நேரடியாகத் தட்டுங்கள். 3-ஆம் மெனுவில் பேட்டரி சேமிப்பை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் முதல் சொற்கள் காணாமல்போகும். நிலையம் எழும்போது முதல் சேனலில் தொடங்கி, குரல் மங்க மங்க ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஆன்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கி நீட்டக்கூடாது, பக்கவாட்டைக் காட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நன்றாகக் கேட்கும் கோணத்தைப் பிடியுங்கள். விண்வெளி நடை, விண்கலம் இணையும் நேரங்களில் ரிப்பீட்டர் அணைக்கப்பட்டிருக்கும். இந்தக் கருவியால் ஒலிபரப்பிக்கொண்டே கேட்க முடியாது. நிலையம் தலைக்கு மேல் இருப்பது அதிகம் போனால் 10 நிமிடம்தான், எனவே வேறு குரல் தெளிவாகக் காதில் விழுந்த பிறகே ஒருமுறை அழைத்து, கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.