விண்டோவின் அளவு மாற மறுக்கிறதா? எங்கே பார்ப்பது, எதை அழுத்துவது

ஒரு மென்பொருளின் விண்டோ பெரிதாகவும் மாட்டேன், சிறிதாகவும் மாட்டேன் என்று அடம்பிடித்தால் பலரும் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. விண்டோ கடைசியாக இருந்த இடத்தையும் அளவையும் பல மென்பொருள்கள் ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) தனிக் கோப்பிலோ குறித்து வைக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்தக் குறிப்பு பல நேரம் அப்படியே கிடக்கும். கோளாறும் கூடவே திரும்பி வரும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள்

விண்டோவின் வலது ஓரத்துக்கு மவுஸை மெதுவாகக் கொண்டுபோங்கள். கர்சர் இருதலை அம்பாக மாறினால் விண்டோவில் குறை எதுவும் இல்லை, பிடிக்கும் இடம்தான் தவறுகிறது. கண்ணுக்குத் தெரியும் கோடு ஒரு பிக்சல்தான். பிடிப்பதற்கான பகுதி அந்தக் கோட்டுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் சுமார் 7 பிக்சல் அகலத்துக்கு இருக்கிறது. அதனால் உள்ளிருந்து தேடாமல் வெளியிலிருந்து வாருங்கள். மூலையைப் பிடிப்பது இன்னும் எளிது.

கர்சர் மாறவே இல்லையென்றால் மேல் வலது மூலையில் உள்ள மூன்று பொத்தான்களில் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரங்கள் தெரிந்தால் விண்டோ மேக்ஸிமைஸ் நிலையில், அதாவது முழுத்திரையாக விரிந்து இருக்கிறது. டைட்டில் பாரை (பெயர் தெரியும் மேல் பட்டை) இருமுறை சொடுக்கினால் விடுபடும். நடுப் பொத்தான் மங்கியோ இல்லாமலோ இருந்தால், அளவு மாறக்கூடாது என்று மென்பொருளை எழுதியவரே பூட்டியிருக்கிறார் என்று பொருள். அதைத் திறக்க விண்டோஸ் செட்டிங்ஸில் வழி இல்லை. எழுத்து சிறிதாக இருப்பதுதான் தொல்லை என்றால் கீழே டிபிஐ (எழுத்தும் படமும் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது பற்றியது) பகுதிக்குப் போங்கள்.

குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்க மறுப்பதும் கோளாறு அல்ல. 1366 பிக்சல் அகலத் திரையில் பாதி என்பது 683. குறைந்தபட்சம் 800 வேண்டும் என்று எழுதப்பட்ட மென்பொருள் அதில் அடங்காமல் பக்கத்து விண்டோவின் மேல் ஏறி நிற்கத்தான் செய்யும்.

விண்டோ திரைக்கு வெளியே போய்விட்டால்

டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும், சொடுக்கினால் எதுவும் வராது. இல்லையென்றால் டைட்டில் பார் திரையின் மேல் விளிம்பைத் தாண்டி ஒளிந்திருக்கும். புரொஜெக்டரையோ இரண்டாவது மானிட்டரையோ கழற்றிய பிறகுதான் இது அதிகம் நடக்கும். லேப்டாப் திரை 1920 பிக்சல் அகலம், மானிட்டர் அதன் வலப்பக்கம் என்றால், அங்கே இருந்த விண்டோவின் இடம், லேப்டாப் திரையின் இடது விளிம்பிலிருந்து எண்ணினால், 2100 என்பதுபோல் பதிவாகியிருக்கும். மானிட்டர் போனபின் 2100 என்ற இடமே கிடையாது. அதைச் சரிபார்க்காத மென்பொருள் அங்கேயே போய்த் திறக்கும்.

மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டுக்கு வாருங்கள்:

1. டாஸ்க்பார் ஐகானை ஒருமுறை சொடுக்கி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஆல்ட் + ஸ்பேஸ்பார் அழுத்துங்கள். சிறு மெனு வரும். வராவிட்டால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டாஸ்க்பார் ஐகானில் வலது கிளிக் செய்யுங்கள்.
3. மெனுவில் மூவ், சைஸ் இரண்டும் மங்கியிருந்தால் முதலில் ரிஸ்டோர். பிறகு மெனுவை மறுபடி திறங்கள்.
4. மூவ் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஓர் அம்புக் கீயை ஒருமுறை தட்டுங்கள். இனி மவுஸை நகர்த்தினால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் சொடுக்குங்கள்.
5. அளவை மாற்ற அதே மெனுவில் சைஸ். முதலில் தட்டும் அம்பு எந்த ஓரம் என்று தேர்ந்தெடுக்கும். அடுத்தடுத்த தட்டல்கள் அந்த ஓரத்தை நகர்த்தும். என்டர் உறுதிசெய்யும், எஸ்கேப் பழைய அளவுக்கே விட்டுவிடும்.

நான்காவது படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: அம்புக் கீயைத் தட்டாமலே மவுஸை ஆட்டிப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

குறுக்குவழியும் உண்டு. விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + இடது அம்பு, விண்டோவை அடுத்த மானிட்டருக்குத் தள்ளும். கழற்றிய புரொஜெக்டர் இன்னும் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருந்தால், விண்டோஸ் கீ + பி (P) அழுத்தி ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’யைத் தேர்ந்தெடுங்கள்.

ஓகே பொத்தான் திரைக்குக் கீழே மறைந்தால்

பழைய பில்லிங் மென்பொருள்களில் இது சகஜம். கணக்கைப் பாருங்கள். 1366 × 768 திரையில் ஸ்கேல் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் விகிதம்) 125% என்றால், மென்பொருளுக்குக் கிடைக்கும் உயரம் 768 ÷ 1.25, அதாவது சுமார் 614. விண்டோஸ் 11 டாஸ்க்பார் அதில் 48 எடுத்துக்கொள்ளும். மீதி 566. உயரம் 600 உள்ள, அளவு மாறாத பெட்டி இதில் எப்படி அடங்கும்?

செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே போய் ஸ்கேலை 100% ஆக்குங்கள். பழைய மென்பொருள்கள் இதை உணர, ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். அவசரம் என்றால் அதே பக்கத்தில் டிஸ்ப்ளே ஓரியன்டேஷனை ‘போர்ட்ரெய்ட்’ ஆக்குங்கள். திரை பக்கவாட்டில் திரும்பும், உயரம் 1366 ஆகும், பொத்தான் தெரியும். மாற்றத்தை 15 விநாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்தான், ஆனால் பில்லைச் சேமித்துவிடலாம்.

மங்கலாக, மிகச் சிறிதாக, குளறுபடியாகத் தெரிந்தால்: டிபிஐ

லேப்டாப் 150%, மானிட்டர் 100% என்று ஸ்கேல் வேறுபட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும்போதே விண்டோவின் அளவு தாறுமாறாகும். இரண்டையும் ஒரே ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தீராவிட்டால் மென்பொருளின் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் கிடைக்கும்.

‘அப்ளிகேஷன்’: மென்பொருளே பார்த்துக்கொள்ளும், எழுத்து துல்லியமாக இருக்கும், ஆனால் பொடியாகலாம். ‘சிஸ்டம்’: விண்டோஸ் அதைப் படமாகப் பெரிதாக்கும், அளவு சரியாகும், எழுத்து கொஞ்சம் மங்கும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’: 2017இல் வந்தது, பழைய வகை மென்பொருள்களில் எழுத்தைத் துல்லியமாகவே பெரிதாக்கும். முதலில் இதைச் சோதியுங்கள், சரிவராவிட்டால் ‘சிஸ்டம்’. ஒவ்வொரு முறையும் மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

மற்ற சில

இழுக்கும்போது விண்டோ தானாகப் பாதித் திரைக்குத் தாவினால் அது ஸ்னாப் வசதியின் வேலை. செட்டிங்ஸ் > சிஸ்டம் > மல்டிடாஸ்கிங்கில் ‘ஸ்னாப் விண்டோஸ்’ஸை அணையுங்கள். விண்டோஸ் 10இல் எல்லாமே முழுத்திரையாகத் திறந்தால் டேப்லெட் மோடு இயங்குகிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஷார்ட்கட்டில் திறக்கும்போது மட்டும் சுருங்கியே வந்தால், அதன் பிராப்பர்ட்டீஸில் ‘ரன்’ என்ற இடத்தில் ‘நார்மல் விண்டோ’ என்று வையுங்கள்.

பெரிதாக்கிய பகுதி மட்டும் கறுப்பாகவே நின்றால் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் சிப்பை இயக்கும் மென்பொருள்) மேல். விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B) அழுத்துங்கள். திரை ஒருகணம் அணைந்து வரும், டிரைவர் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது. மறுபடியும் கறுத்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். அந்த மென்பொருளின் செட்டிங்ஸில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.