பக்க எண்ணோடு ஒரு வரி

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான், மனதைத் தைத்த இடம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தவிப்போம். வாசிக்கும் புத்தகங்களைப் பதிந்து நண்பர்களோடு பகிரும் தளமான குட்ரீட்ஸில், நிறுத்திய பக்க எண்ணைப் பதியும்போதே சிறு குறிப்பும் எழுதலாம். புத்தகத்துக்கு மதிப்பெண்ணாகக் கொடுக்கும் நட்சத்திரங்களைவிட அந்த ஒரு வரியே பெறுமதியானது.

101 பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் எழுதிவிடுவேன்: “பக். 64. தாய் கடிதத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருக்கிறாள். ஏன்?” கேள்வியாக எழுதினால் நண்பர்கள் பேச வருவார்கள், “அருமை” என்று எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கதையின் முடிவைத் தொட்டு எழுதினால், விமர்சனத்தை மறைக்கும் பெட்டியில் மறக்காமல் அடையாளமிடுங்கள்; இன்னும் வாசிக்காதவருக்கு அது பெரிய உதவி. இணையத்தளம் வழியாக நம் புத்தகங்களின் முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கி வைக்கலாம். நான் ஆண்டுக்கு இருமுறை அப்படிச் செய்கிறேன்.