துருப்பிடித்த பழைய காரை வீட்டிலேயே சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரை வீட்டில் வைத்துச் சீரமைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து கிளைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் துருவே மொத்தத் துரு என்று நம்பிவிடுவதுதான் அந்த எண்ணம். கார் உடலில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகளிலும், பெட்டி போல மூடப்பட்ட பகுதிகளுக்குள்ளும், நீர் வடியும் துளை அடைபட்ட கதவின் அடிப்பாகத்திலும், பேட்டரி அமர்ந்திருக்கும் தட்டுக்குக் கீழேயும் அது தொடங்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால் மடிப்புகள் விரிந்து கொடுக்கின்றன, பெயிண்ட் கொப்புளிக்கிறது. மட்கார்டு விளிம்பில் நகத்தளவு கொப்புளம் தெரிகிறது என்றால், அதன் பின்புறத்தில் உள்ளங்கை அளவு தகடு வலுவிழந்திருக்க வாய்ப்புண்டு. இதை மனத்தில் கொண்டு வண்டியைப் பார்ப்பவர் பாதித் தவறுகளைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவார்.

முதல் தவறு வாங்கும்போதே நேர்கிறது. பளபளக்கும் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்கி வண்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்தப் பெயிண்டுக்குக் கீழே எவ்வளவு பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, பூசப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பார்த்தால், அது ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் தகட்டுக்குப் பதிலாகப் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். அதன் மேல் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன தகடு சத்தமில்லாமல் மெத்தென்று உள்வாங்கும். என்னைக் கேட்டால், துருவை மறைக்காமல் காட்டி நிற்கும் வண்டியே புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட மேலானது. உதிரிபாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேய்ந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய வழியுண்டு. காணாமற்போன ஒரு குரோமியப் பட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது பல வேளைகளில் அதைவிடக் கடினம்.

தாங்கும் தகட்டை வெறும் மூடியென்று நினைப்பது

மிகப் பெரிய தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய கார்கள் இரு வகை. சேஸிஸ் எனும் தனி அடிச்சட்டத்தின் மேல் பாடியை வைத்து போல்ட் போட்டவை ஒரு வகை. பாடியே சேஸிஸாகவும் இருந்து எடையைத் தாங்குபவை மறுவகை. 1934-இல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவாண்ட், 1959-இல் வந்த மினி, 1962-இல் வந்த எம்.ஜி.பி ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவப் பகுதி, அதாவது சில், ஓர் அலங்காரத் தகடு அன்று. வண்டி நடுவில் தொய்ந்து போகாமல் தாங்கி நிற்பதே அதுதான். கூரையில்லாத திறந்த கார்களில் அந்தச் சுமை இன்னும் அதிகம்.

எம்.ஜி.பி-யின் சில்லை வெட்டித் திறந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தகடு ஒன்று என அது அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. வெளித்தகட்டில் இரண்டொரு துளைகள் மட்டுமே தெரிந்த வண்டியிலும், உள்ளே நடுத்தகட்டின் கீழ்ப்பாதி செதில் செதிலாகப் பிரிந்து, தொட்டால் உதிரும் பழுப்புத் தூளாகி, அடியில் காய்ந்த சேற்றோடு கலந்து கிடப்பது வழக்கம். இந்த நிலையில் வெளித்தகட்டை மட்டும் மாற்றினால், பார்ப்பதற்கு வண்டி புதிதாகிவிடும், ஆனால் எடையைத் தாங்க உள்ளே ஒன்றும் இருக்காது. அழுகிய சில்லின் மேலேயே சற்று அகலமான புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைப்பது இதைவிட மோசம். மினி கார்களில் இந்த வேலையைப் பலமுறை காணலாம். பழைய தகடும் புதிய தகடும் சேர்ந்து நடுவில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், புதுத் தகடும் விரைவில் அரித்துவிடும்.

சரியான முறையில் சில்லை மாற்ற முனைபவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். இருபுறச் சில்களையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டால், தாங்க ஆளில்லாத பாடி கண்ணுக்குத் தெரியாத அளவில் தொய்கிறது. புதுச் சில் வெல்டிங் ஆன பிறகு கதவை மாட்டிப் பார்த்தால்தான் மேலிடைவெளியும் கீழிடைவெளியும் ஒத்துவரவில்லை என்று தெரியும். அப்போது அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் செய்த வெல்டிங்கை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். எனவே வெட்டுவதற்கு முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டங்களை வெல்டிங் வைத்து இறுக்க வேண்டும், இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்திக் கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். வெட்டியெடுத்த பழைய தகடு எவ்வளவு உளுத்திருந்தாலும், புதியது பொருந்தும்வரை அதைத் தூக்கியெறியக் கூடாது. வளைவும் துளைகளின் இடமும் அதில்தான் இருக்கின்றன.

பிரித்தலும் தூக்கி நிறுத்தலும்

உற்சாகத்தில் ஒரே வாரத்தில் வண்டி முழுவதையும் பிரித்துவிடுவது பல பணிகள் பாதியில் நிற்பதற்குக் காரணமாகிறது. நட்டு, போல்ட், வாஷர்களைக் கழற்றிய இடத்தின் பெயரெழுதிய பைகளில் போட்டு, கழற்றும் முன்பும் கழற்றிய பின்பும் படமெடுத்து, ஒரு பகுதியை முடித்த பின் அடுத்ததைப் பிரிப்பதே நல்லது. இறுகிய போல்ட்டைப் பலம் காட்டிக் கழற்றுவதும் கூடாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்து, முதலில் இறுக்கும் திசையில் சற்றே அசைத்து, பிறகு தளர்த்தினால் பல போல்ட்டுகள் உடையாமல் வந்துவிடும். மறுபடி மாட்டும்போது மரையின் வகையைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் மில்லிமீட்டர் மரையும் அங்குல மரையும் உண்டு, அங்குல மரையிலேயே பல வகையும் உண்டு. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். சஸ்பென்ஷன் பாகங்களில் பார்வைக்கு அழகான சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுவதும் ஆபத்து. அங்கே தேவைப்படும் வலு அதில் இருக்காது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிரைப் பறிக்கும் தவறு. துருப்பிடித்த வண்டியில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது, ஏனென்றால் ஜாக்கி வைப்பதற்கென்று தயாரிப்பாளர் அமைத்த இடங்களே முதலில் அரிப்பவை. கெட்டியான சமதரையில், தட்டிப் பார்த்து உறுதி செய்த இடத்தில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பின்பே உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும்.

துருவை நீக்குவதில் நேரும் பிழைகள்

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பலர் மருந்தாகவே கருதுகிறார்கள். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த அத்திரவம் மேற்பரப்பில் படிந்த மெல்லிய துருவை நிலையான சேர்மமாக மாற்றுகிறது, அவ்வளவே. செதிலாகக் கிளம்பும் துருவுக்குள் அது இறங்காது, போன தகட்டைத் திருப்பித் தராது. கம்பி பிரஷ்ஷாலும் கிரைண்டராலும் சுரண்டி, கெட்டியான இரும்பு தெரிந்த பிறகு குழிகளில் தங்கிய எச்சத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

மணல் பீய்ச்சித் துருவை நீக்குவது வேகமானது என்பது உண்மை. ஆனால் பானெட், கூரை போன்ற அகலமான தகடுகளில் கடுமையாகப் பீய்ச்சினால் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை எடுப்பது அனுபவசாலிக்கும் எளிதல்ல. சஸ்பென்ஷன் கைகளுக்கும் தடித்த சட்டங்களுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அதிலும் சாதாரண ஆற்று மணலைப் பயன்படுத்தினால் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகப் பாழாக்கும்.

சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறை அருமையானது. அதில் நேர்முனையில் இணைக்கும் தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடக் கூடாது, நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மம் கரைசலில் கலந்துவிடும். சாதாரண இரும்புத் தகடே போதும். ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்குத் தொலைவில் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகளையும் உயர்வலு போல்ட்டுகளையும் இந்தக் கரைசலிலோ அமிலத்திலோ ஊறவைக்கவே கூடாது. ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும், பின்னர் சுமை ஏறும்போது எச்சரிக்கையே இல்லாமல் முறியும்.

சுத்தமான இரும்பை அப்படியே இரவு முழுவதும் விட்டுவைப்பதும் தவறு. ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செந்நிறப் படலம் தோன்றிவிடும். சாம்பல் நிறச் சாதாரண ப்ரைமர் அடித்துவிட்டோம் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்காகவே அமைந்த அந்த ப்ரைமரில் நுண்துளைகள் உண்டு, அதன் வழியே ஈரம் இரும்பை எட்டிவிடும். வெற்று இரும்பின் மேல் முதலில் எபாக்சி ப்ரைமர் வர வேண்டும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சக் கூடியதே. துளையை அடைக்க அது பயன்படாது. தகட்டைத் தட்டி நிமிர்த்திய பின் எஞ்சும் சிறு பள்ளத்தைச் சமன் செய்யவே பட்டி, அதுவும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல்.

வெல்டிங்

கார்த் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. நீளமாக ஒரே இழுப்பில் வெல்டிங் வைத்தால் துளை விழும், இல்லையேல் தகடு கோணும். ஓரிடத்தில் ஒரு புள்ளி, தொலைவில் மற்றொரு புள்ளி, சூடு ஆறிய பின் இடையில் இன்னொன்று என்று பொறுமையாக நிரப்ப வேண்டும். துருவேறிய விளிம்பில் வெல்டிங் பிடிக்காது. பிடித்ததுபோல் தோன்றினாலும் நிற்காது. கெட்டியான இரும்பு வரும்வரை தாராளமாக வெட்டித்தான் ஆக வேண்டும், ஒட்டுத் தகடு பெரிதாகிறதே என்று தயங்கக் கூடாது.

வெல்டிங்குக்கு முன் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைப்பது கொடிய தவறு. சூடும் புற ஊதாக் கதிரும் பட்டால் அதன் ஆவி பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவாக மாறும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் துடைக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் காலியாக இருப்பதால் பயமில்லை என்று நினைப்பதும் அதே அளவு கொடியது, ஏனெனில் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். டேங்கை இறக்கி வண்டியிலிருந்து தூரமாக வைக்க வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தகட்டின் மறுபுறத்தில் ஒட்டியிருக்கும் தார், கம்பளம், பஞ்சு ஆகியவை உள்ளுக்குள்ளேயே கனன்று, வேலை முடித்துப் பூட்டிக்கொண்டு போன பிறகு தீப்பிடிக்கக் கூடும் என்பதால், கடைசி வெல்டிங்குக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது அருகில் இருந்து பார்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயமும், பழைய பிரேக் பேட்களிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக் கூடும். அவற்றின் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபகுதிப் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்க வேண்டாம், அந்த ஒரு வேலையைத் தொழில்முறைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

ஓடவைக்கும் அவசரம்

நெடுநாள் நின்ற இன்ஜினை உடனே சாவி போட்டுச் சுழற்றினால் சிலிண்டர் சுவரில் படிந்த துரு பிஸ்டன் வளையங்களை உடைக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் கழித்துக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, டேங்கின் உள்துருவையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வது. பிரேக்கைச் சரிசெய்யாமல் ஓட்டிப் பார்ப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பிரேக் ஆயில் ஈரத்தை ஈர்ப்பதால் குழாய்களும் வீல் சிலிண்டர்களும் உள்ளிருந்தும் துருப்பிடிக்கின்றன. டயரின் பட்டன்கள் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கச்சுவரில் உள்ள தயாரிப்பு எண்ணில் 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000-க்கு முந்தியது, கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

பெயிண்ட் அடித்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவது இறுதித் தவறு. சில், கதவு, சட்டங்கள் ஆகிய மூடிய பகுதிகளின் உட்புறத்தில் வெல்டிங் சூடு பட்ட இடமெல்லாம் இப்போது பூச்சில்லாத வெற்று இரும்பு. நீண்ட குழாய் முனையால் அவற்றுக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். பெயிண்டுக்கு முன்பு பீய்ச்சினால் மெழுகுப் பிசுக்கு பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது என்பதால் இது பெயிண்டுக்குப் பிறகே செய்ய வேண்டிய வேலை. மெழுகு வடிந்து நின்றதும் ஒரு கம்பியை எடுத்து, அடியில் உள்ள நீர்வடி துளைகள் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிட வேண்டும். வண்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.