தொண்டு நிறுவனத்தின் கைபேசிச் செலவு: எங்கே மிச்சம் பிடிப்பது?

முதலில் பெயர்ப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள், பட்டன் போன் வைத்திருப்பவர்கள். முன்னவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது வீண் செலவு.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினோம், வரவில்லை என்கிறார்கள்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உறுப்பினராகச் சேரும் அன்றே, எதிரில் உட்கார வைத்து எண்ணைச் சேமிக்கச் செய்துவிடுங்கள். குரூப்பில் 1024 பேர் வரை இடமுண்டு. ஆனால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள், நோயாளிகள் உள்ள பட்டியலுக்கு அது கூடாது.

பட்டன் போன்காரர்களுக்கு எஸ்எம்எஸ்தான். தமிழில் பணம் கரைவது இங்கேதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்கணக்கு: 'க' ஒன்று, 'க்' இரண்டு, 'ஸ்ரீ' நான்கு. 70-ஐத் தாண்டினால் செய்தி 67 எழுத்துத் துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் காசு.

"ஞாயிறு காலை 10 மணிக்கு கண் முகாம். இடம்: பள்ளி. ஆதார் கொண்டு வரவும்."

இடைவெளிகளோடு இது 68. ஒரே செய்தி. முன்னால் "அன்புடையீர்," என்று மரியாதைக்குச் சேர்த்தால் 81 ஆகிவிடும்; செலவு இரட்டிப்பு. ஆங்கிலச் செய்தியில் ஓர் எமோஜியோ வளைந்த மேற்கோள்குறியோ புகுந்தாலும் 160 போய் 70 ஆகிவிடும். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அடிக்கடி நடப்பது இது.

நூறு பேருக்குள் என்றால் சாதாரண பிரீபெய்டு பேக்கில் வரும் தினசரி 100 எஸ்எம்எஸ்ஸே போதும். இரண்டு துண்டுச் செய்தி என்றால் 50 பேருக்குத்தான் எட்டும். அறிமுகம் இல்லாதவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். தொல்லைச் செய்திகளுக்கான புகார் எண் 1909-க்குப் புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

பட்டியல் ஆயிரத்தைத் தொட்டால் மொத்த எஸ்எம்எஸ் சேவைக்குப் போகலாம். அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி டிஎல்டி பதிவு (மொத்தச் செய்தி அனுப்புவோர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தளத்தில் செய்யும் பதிவு) கட்டாயம்: முதலில் நிறுவனப் பதிவு (பான், பதிவுச் சான்று, அதிகாரக் கடிதம்), பிறகு அனுப்புநர் பெயர், பிறகு செய்தி வார்ப்புரு (முன்கூட்டி ஒப்புதல் பெறும் மாதிரி வாசகம்). வார்ப்புருவில் தேதி, இடம் போன்றவற்றுக்கு மாறும் இடம் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரம்பு உண்டு. ஒப்புதல் பெற்ற வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் செய்தி போகாது. அக்டோபர் 2024 முதல், முன்கூட்டிப் பதியாத இணைய முகவரி (லிங்க்) செய்தியில் இருந்தாலும் தடைதான். பதிவுக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, ஆண்டுக்கு நாலைந்து செய்திதான் என்றால் விட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு யார் யார் வருகிறார்கள் என்று அறிய, வருபவர்களை மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னால் போதும். ஒரு பழைய போன், அதில் இன்டர்நெட் இல்லாத பேக் (குரல், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகளைத் தர ட்ராய் டிசம்பர் 2024-ல் உத்தரவிட்டது, செயலியில் சட்டென்று கண்ணில் படாது, தேடிப் பாருங்கள்). மணி அடித்ததும் துண்டித்து, மாலையில் அழைப்புப் பட்டியலைப் பெயரோடு சரிபாருங்கள். ரீசார்ஜ் முடிந்தவரால் மிஸ்டு கால்கூடக் கொடுக்க முடியாது. மிஸ்டு கால் வரவில்லை என்பதற்காக அவர் பெயரை அடித்துவிடாமல், நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

எந்த சிம்மும் தன்னார்வலர் பெயரில் இருக்கக் கூடாது. அவர் விலகினால் எண்ணும் போய்விடும். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின் எண்ணை அலுவலகப் பதிவேட்டில் எழுதி, பூட்டி வையுங்கள்.