“கடவுள் மன்னிப்பார்” என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்

போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் வழிபாட்டுக்கு உள்ளே போனால், அவர் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். பேத்தியைத் தூக்கக் கொடுத்தால், “இந்தக் கையால வேண்டாம்” என்று பின்வாங்குவார். சாமி நம்பிக்கை போய்விட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். முதல் தவறு அதுதான். நம்பிக்கை விட்டுப்போனவர் ஒப்புக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். வாசலை மிதிக்கவே கால் கூசுகிறவருக்குப் பெரும்பாலும் நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அதனால்தான் அந்த வலி.

அடுத்தது, எல்லாவற்றையும் ‘பிடிஎஸ்டி’ (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) கணக்கில் எழுதிவிடுவது. அதில் பயம் முன்னால் நிற்கும். இங்கே முன்னால் நிற்பது குற்ற உணர்வும் வெட்கமும். வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதை மனச்சாட்சியில் விழுந்த காயமாகப் பார்த்தார். மேலிடத்தின் துரோகத்தால் வரும் காயத்தை அவர் பேசினார். தானே செய்ததும், தடுக்க முடியாமல் போனதும் அதே காயத்தைத் தரும் என்று 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸ் குழுவினர் விரித்துச் சொன்னார்கள். பிடிஎஸ்டியும் இந்தக் காயமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

அப்புறம், நல்ல மனசோடு செய்கிற தவறு: சட்டென்று ஆறுதல் சொல்வது. “நீங்க கடமையைத்தானே செஞ்சீங்க?” இதை அவர் தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருப்பார். “கடவுள் மன்னிப்பார்” என்றதும் பேச்சு முடிந்துவிடும், பாரம் அங்கேயே கிடக்கும். “அன்னைக்கு என்ன நடந்துச்சு? சொல்ல முடிஞ்ச வரைக்கும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது இதைவிட மேல். (கஷ்டம்தான். நமக்கு மௌனம் பழக்கமில்லை.)

இந்தப் பாரத்தோடு இருப்பவருக்குச் சாகும் எண்ணமும் வரலாம். அப்போது “தற்கொலை பாவம்” என்று பிரசங்கம் செய்வதும் இதே ரகம். நம்பிக்கை சிலரைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே தனக்கு நரகம்தான் என்று நினைப்பவரிடம் அதைச் சொன்னால், நினைப்பு மாறாது. நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்.

நேரடியாகக் கேட்கப் பயப்படுவது இன்னொன்று. “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். துப்பாக்கி இருந்தால், அவர் சம்மதத்தோடு கொஞ்ச நாள் வேறிடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் தற்கொலையால் இறக்கும் முன்னாள் படைவீரர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் துப்பாக்கியால்தான் போகிறார்கள். நெருக்கடியான நேரம் பெரும்பாலும் நீளமானதல்ல, அதைத் தாண்டவைத்தால் ஆள் மிஞ்சுவார். அங்கே 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவி கிடைக்கும். மற்றவர்கள் தங்கள் நாட்டு உதவி எண்ணை இப்போதே குறித்து வையுங்கள்.

கடைசியாக, மதகுருவிடமோ மருத்துவரிடமோ ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுவது. மதகுருவுக்கு ஆபத்தின் அறிகுறி தெரியாமல் போகலாம். மருத்துவர் கடவுளைப் பற்றிக் கேட்காமலே போகலாம். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் மதகுருமாரும் பணியில் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துப் பார்க்க வழி இருந்தால் கேளுங்கள். முதல் தடவை போகும்போது வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல், கூடவே உள்ளே போய் உட்காருங்கள்.